கம்போங் மேடான் ஆன்டி எனக்குக் கொடுத்த முகவரி

இன்று காலை வானொலி நேரலையில், மாநில அரசியல் பற்றி நான் எழுதிய புத்தகத்தைக் குறித்து அரை மணி நேரம் பேசினேன்.

பிறகு நேயர்களுக்கு லைனைத் திறந்தார்கள். வந்தது ஒரே அழைப்பு. கம்போங் மேடானிலிருந்து ஓர் ஆன்டி.

“ஒய்.பி., எங்க பிளாட் பின்னால லோங்காங் அடைச்சி மூணு மாசமாச்சி. மழை பேஞ்சா சாக்கடைத் தண்ணி வீட்டுக்குள்ளயே வருது.”

நான் ஒய்.பி. எனப்படும் சட்டமன்ற உறுப்பினர் இல்லை, வெறும் பத்திரிகைக்காரன் என்றேன்.

“பரவால்ல தம்பி. அவரு போனே எடுக்க மாட்றாரு. நீங்களாச்சும் பேசுறீங்க. அட்ரஸ எழுதிக்குங்க லா.”

வேறு தாள் இல்லை. என் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொண்டேன்.

இருநூறு பக்கம் எழுதியிருக்கிறேன். அடைத்த லோங்காங்குக்கு யாரைக் கூப்பிடுவது என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். சீக்கிரம். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது.