பூங்கோதையின் சர்க்கரை மிஷின்

அன்றைக்கு நாரு என்கிற தேங்காய் உருண்டையை உருட்டிக்கொண்டிருந்தது பூங்கோதையின் புருஷன் உத்தமன்தான். அடுத்த குவார்ட்டர்ஸ் வங்காளி அண்ணி மாலதி பௌதி வீட்டு லட்சுமி பூஜைக்குத் தேங்காயும் வெல்லமும் கிளறின சூட்டோடு பாத்திரம் இங்கே வந்துவிடும். உருண்டை பிடித்துக் கொடுப்பது வருஷாவருஷம் இந்த வீட்டு வேலை. பூங்கோதை கடைக்குப் போயிருந்ததால் அவர் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வந்தவள் தட்டைப் பார்க்கவில்லை, அவர் வாயைப் பார்த்தாள்.

"எத்தன உள்ள போச்சு?"

"ஒண்ணுகூட இல்லடி. உருட்டத்தான் உருட்டினேன்."

"யாருகிட்ட கத விடறீங்க? டிபன் டப்பால சந்தேஷ் இனிப்ப ஒளிச்சு ரயில் யார்டுக்குக் கொண்டுபோன ஆளுதானே?"

ஆரணியிலிருந்து கல்யாணமாகி கல்கத்தாப் பக்கம் சாந்த்ராகாச்சி ரயில்வே காலனிக்கு வந்தவள் அவள். மீன்காரியோடு சண்டை போட்டே வங்காளி பழகினாள். சிக்னலில் வேலை பார்த்த புருஷனுக்குச் சர்க்கரை வந்ததும் இன்சுலின் ஊசி போடவும் பழகிக்கொண்டாள். அப்போதெல்லாம் சோதனைக்கு ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரி வரிசை, முடிவு மறுநாள். 2003-இல் தம்பி சிங்கப்பூரிலிருந்து அந்தக் குட்டி மிஷினைக் கொண்டுவந்த பிறகுதான் அவளுக்கு ஒரு தெம்பு வந்தது. சொட்டு ரத்தத்தில் மிஷினில் செருகிய அட்டைத் துண்டின் ஓரத்தைத் தொட்டால் போதும். முடியளவு மெல்லிய வழியில் தானே உறிஞ்சிக்கொண்டு எண்ணைக் காட்டிவிடும். புருஷன் பொய் சொல்வார், மிஷின் சொல்லாது என்பது அவள் தீர்மானம்.

உத்தமன் துண்டில் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். குத்திப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு.

"இப்ப என்ன சொல்றீங்க?"

"மிஷின் தப்பா காட்டுது."

"ஆமா, அதுக்கு உங்க மேல தீராத பகை!"

முந்நூறைத் தாண்டினால் மருந்தைக் கூட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். கூட்டிப் போட்டாள். ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"வயிறு முட்ட நாரு கெடக்கே, சோறு எதுக்கு?" என்று குழம்புச் சட்டியை மூடினாள். அவரும் வீம்பாகப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பௌதி வீட்டில் சங்கு ஊதும்போது உள்ளே கட்டில் ஆடும் சத்தம் கேட்டது. ஓடினாள். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. அவளை யார்டு அதிகாரி என்று நினைத்து, "பட்டாபி சார், வண்டிய விடாதீங்க" என்றார். பிறகு கண் சொருகிக்கொண்டது.

"பௌதி!"

மாலதி கோல மாவுக் கையோடு ஓடிவந்தாள். "உத்தம்தா! உத்தம்தா!" என்று அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுக் கன்னத்தைத் தட்டினாள். பூங்கோதை ஒரு நாருவை எடுத்து அவர் உதட்டில் வைத்து அழுத்தினாள்.

"தின்னுங்க. எத்தன வேணும்னாலும் தின்னுங்க, நான் ஒண்ணும் கேக்கல..."

பல் கிட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே நர்ஸ் வங்காளியில் கேட்டாள்: "பரிசோதிக்கும் முன்னால் கை கழுவினாரா?"

"துண்டில் துடைத்தார்."

"என்ன தொட்டிருந்தார்?"

பூங்கோதை சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. மிஷின் பார்த்தது விரலில் ஒட்டியிருந்த வெல்லத்தை. அவர் ஒன்றுகூடத் தின்றிருக்கவில்லை.

மறுநாள் கண் விழித்தார், ஆனால் பேச்சு குழறியது. தெளியலாம், தெளியாமலும் போகலாம் என்றார் டாக்டர். வேளாவேளைக்கு ரத்தம் பார்த்துத்தான் ஊசி. பார்க்காமல் போடவும் கூடாது, போடாமல் விடவும் கூடாது என்று சொல்லி நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்.

அன்று மதியம் பூங்கோதை ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் சோப்பும் கொண்டுபோய்க் கட்டிலோரம் உட்கார்ந்தாள். உத்தமன் கையைப் போர்வைக்குள் இழுத்து மூடிக்கொண்டார்.

"நீங்க சொன்னது நெஜம். நான்தான் கேக்கல. எழுந்தப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. இப்ப விரலக் குடுங்க."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தொட வேணாமா? பௌதியக் கூப்பிடட்டுமா? அதையாவது சொல்லுங்க."

பேச வராமல் கிடக்கிறாரா, பேசப் பிடிக்காமலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. போர்வையை விலக்கி அந்தக் கையைப் பிரிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ரத்தம் பார்க்காமல், மதிய ஊசியும் போடாமல், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.