செத்துப்போன கேமராவும் லைட்டடித்த டிரைவர்களும்

பள்ளிக்கூடம் திறக்கிற நாளாகப் பார்த்தா இடி விழ வேண்டும்? கோவிந்தாபுரம் பள்ளிக்கூட வளைவில் இருந்த வேகக் கேமரா போய்விட்டது. அதைப் பராமரிக்கிறவன் நான்; ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். உள்ளே சர்க்யூட் போர்டு கருகியிருந்தது. புது போர்டு வர ஒரு வாரமாகும்.

பாலக்காட்டிலிருந்து மேலாளர் போனில் சொன்னார்: "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. கம்பம் நின்னாப் போதும், பயந்துக்குவாங்க."

கருகிய போர்டோடு நான் இறங்கியதை ஊரே பார்த்திருக்கிறது, இவர் ஒருத்தர்!

பொள்ளாச்சி ரோட்டு டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேமராவைத் தாண்டியதும் எதிரே வருகிற வண்டிக்கு ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்து, மெதுவாகப் போகச் சொல்வார்கள். நம் பிழைப்பில் மண்ணைப் போடுகிறார்களே என்று அவர்களை நான் திட்டாத நாளில்லை. அன்று அவர்களைத் தேடித்தான் டீக்கடைக்குப் போனேன்.

இளநீர் லாரி ஓட்டும் பழனிச்சாமி இருந்தார். அபராதம் வந்ததிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்.

"ஏனுங்க, கேமரா செத்துப்போச்சுன்னு எங்ககிட்டயே வந்து சொல்றீங்க? உடம்புக்கு ஏதாச்சுமுங்களா?"

கடையே சிரித்தது.

"நல்லாச் சிரிங்க. போர்டு வர்ற வரைக்கும் லைட்டடிங்க. வெளியூர் வண்டிக்காரனுக்குக் கேமரா செத்தது தெரியாது. புள்ளைங்க ரோட்டைத் தாண்டணுமுல்லங்க."

"இத்தன நாளு அதுக்குத்தானுங்க எங்களத் திட்டுனீங்க?" என்றவர், டீயை முடித்து எழுந்தார். "செரி, அடிக்கறமுங்க."

மூன்றாம் நாள் சாயங்காலம் நல்ல மழை. பள்ளிக்கூடம் விட்டிருந்தது. நான் கம்பத்தடியில் நின்றேன். பொள்ளாச்சியிலிருந்து ஒரு காய்கறி லாரி பாய்ந்து வந்தது. எதிரே போன பழனிச்சாமி இரண்டு தடவை லைட்டடித்தார். லாரி வேகம் குறைந்தது. அந்த நேரம் பார்த்து, காற்றில் பறந்த குடையின் பின்னால் ஒரு சிறுமி ரோட்டுக்குள் ஓடினாள். பிரேக் கிறீச்சிட்டது. பம்பருக்கும் பிள்ளைக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கத்தான் இடமிருந்தது. டீச்சர் ஓடிவந்து அவளை வாரி எடுத்தார்.

லாரிக்காரர் இறங்கி மழையிலேயே உட்கார்ந்துவிட்டார். "லைட்டடிச்சாங்க, கேமரா இருக்குதுன்னு மெதுவா வந்தனுங்க. இல்லாட்டி..." என்று அழுதார்.

மறுநாள் டீக்கடையில் பழனிச்சாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

"கைய விடுங்க சார், டீ ஆறுது" என்றார்.

இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளே, டிரைவர்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பிள்ளை இன்றும் பள்ளிக்கூடம் போகிறாள். அதற்காகக் கேமராவுக்கு நான் நன்றி சொல்ல முடியாது. அது அன்று செத்துக் கிடந்தது.