நைட் ஷிப்ட் பலகை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. கதையாக இருந்திருந்தால் நடுராத்திரியில் நடந்திருக்கும். இது பங்குனி மாதத்துப் பட்டப்பகலில் நடந்தது. எதிர் வீட்டில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் தார் இளகிக் கிடந்தது. நெய்வேலி நகரியத்தில் அந்த குவார்ட்டர்ஸ் இன்னும் இருக்கிறது. எந்த பிளாக் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்த வீட்டில் இருந்தவன் அருண்பிரசாத். வயது முப்பத்திரண்டு. அனல்மின் நிலையத்தில் கன்ட்ரோல் ரூம் வேலை. மனைவி சண்முகப்ரியா அங்கேயே தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். ஆடி மாதத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அருண் அழுது யாரும் பார்த்ததில்லை. வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். யாராவது விசாரித்தால், "இருக்கேன்" என்றான்.

இருவருக்கும் ஷிப்ட் வேலை. ஒருவர் வீட்டுக்கு வரும்போது மற்றவர் கிளம்புவார். அவர்கள் குடித்தனத்தில் பாதி வாசற்படியில்தான் நடந்தது. இருவருக்கும் வீடியோ கேம் பைத்தியம் வேறு. ஒரே ஆட்டத்தை மாறி மாறி ஆடுவார்கள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே கன்ட்ரோலரை அவன் கையில் திணிப்பாள்.

"சார்ஜ் எடுத்துக்க."

"சார்ஜ் எடுத்துட்டேன். நீ கெளம்பு."

அது கன்ட்ரோல் ரூமில் பொறுப்பு கைமாறும்போது சொல்கிற பேச்சு. அங்கே அது வேடிக்கை இல்லை. ரிலீவர், அதாவது அடுத்த ஷிப்ட் ஆள், வந்து அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். அதுவரை இருக்கிறவன் இடத்தை விட்டு நகரக் கூடாது. ரிலீவர் வரவில்லை என்றால் அவனுக்கு அடுத்த ஷிப்ட்டும் அங்கேதான்.

அருண் இணையத்தில் விளையாட்டுகளைப் பற்றி எழுதுவான். புதியதும் எழுதுவான், பழையதும் எழுதுவான். புதிய ஆட்டங்கள் அவனுக்குப் பெரிய ஜவுளிக்கடை மாதிரி. எங்கே திரும்பினாலும் ஓர் அம்பு வழி காட்டும். செத்தால் அதே இடத்தில் எழுப்பி நிற்க வைத்துவிடும். பழைய ஆட்டங்கள் அப்படியில்லை. ஒரு திரை, ஒரு வேலை. செத்தால் செத்ததுதான். "பழைய ஆட்டம் நம்மை மதிக்கிறது" என்று ஒருமுறை எழுதினான். "பொய் சொல்லாம எழுது, பழசுல உனக்குத் தோக்கறதுதான் பிடிக்கும்" என்றாள் ப்ரியா. அவள் போன பிறகு அவன் ஒன்றும் எழுதவில்லை.

மாசியில் மந்தாரக்குப்பத்தில் ஜெயகணேஷ் கடைக்குப் போனான். செல்போன் பழுது பார்க்கிற கடை. பழைய கேம் பெட்டிகளும் வரும். அருண் வீட்டில் இருந்த பெட்டி செயலிழந்து மாதங்கள் ஆகியிருந்தன. அதே ரகத்தில் ஒன்று அங்கே கிடந்தது. உள்ளேயே ஒரு டிஸ்க் இருந்தது. மேலே பேனாவால் 'விளக்கு' என்று எழுதியிருந்தது.

"குறிஞ்சிப்பாடி பார்ட்டி, ப்ரோ. வூட்ல வெச்சிக்க முடியலன்னு குடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றான் ஜெயகணேஷ்.

வாங்கி வந்து ஒரு மாதம் அதைத் தொடவில்லை. பிறகு ஒரு நைட் ஷிப்ட் முடிந்து வந்த காலையில் தூக்கம் வரவில்லை. கதவில் பலகையை மாட்டினான். 'நைட் ஷிப்ட்' என்று பச்சை பெயின்ட்டில் ப்ரியா எழுதிய பலகை. நகரியத்தில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. பலகை தொங்கினால் பால்காரர் தட்ட மாட்டார், கேஸ்காரர் தட்ட மாட்டார். பிள்ளைகள் கூட வாசலில் பந்து விளையாடாது. உள்ளே ஆள் தூங்குகிறான்.

தாழ்ப்பாள் போட்டான். ஜன்னலில் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டான். வீடு இருண்டது. பெட்டியில் இரண்டு கன்ட்ரோலர்களையும் சொருகினான். பழக்கம். ப்ரியாவினுடையதில் ஒரு பச்சை நெயில் பாலிஷ் பொட்டு இருக்கும். மாறிவிடக் கூடாதென்று அவளே தன் நகப்பூச்சால் வைத்தது. அதைப் பாயில் வைத்துவிட்டுத் தன்னுடையதை எடுத்துக்கொண்டான்.

ஒரு கோபுரம். உச்சியில் ஒரு விளக்கு. சுற்றிலும் இருட்டு. அவ்வளவுதான் ஆட்டம். விளக்கு அணையக் கூடாது. எண்ணெய் எடுத்துக்கொண்டு படியேற வேண்டும், ஊற்ற வேண்டும், இறங்க வேண்டும். கோபுரத்தின் கதவு காவலில் இருப்பவனுக்குத் திறக்காது. இரண்டாவது ஆள் வந்து பொத்தானை அழுத்தினால்தான் முதல் ஆள் வெளியே போகலாம்.

ரிலீவர் இல்லாமல் இறங்க முடியாத ஆட்டம். இதைச் செய்தவன் நெய்வேலிக்காரனாக இருக்க வேண்டும் என்று எழுதலாம். அருணுக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. எட்டு மாதத்தில் முதல்முறை.

ஆட்டம் முதலிலிருந்து தொடங்கவில்லை. ஏற்கெனவே ஒருவன் காவலில் இருந்தான். யாரோ பாதியில் விட்ட ஆட்டம். கட்டம் கட்டமான சின்ன உருவம். கதவுக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. இரண்டாவது ஆளின் இடம் மினுக்கிக்கொண்டிருந்தது.

அருண் பொத்தானை அழுத்தினான். வாய் தானாகச் சொன்னது.

"சார்ஜ் எடுத்துட்டேன். நீங்க கெளம்புங்க."

உருவம் திரும்பியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலு புள்ளிகள். கொஞ்ச நேரம் அவனையே பார்ப்பது போல நின்றது. பிறகு கதவைத் திறந்துகொண்டு போய்விட்டது.

டக்.

சத்தம் டிவியிலிருந்து வரவில்லை. அவன் வீட்டு வாசலிலிருந்து வந்தது.

எழுந்து போய்ப் பார்த்தான். தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. விலக்கினான். தடையில்லாமல் விலகியது. கதவை இழுத்தான்.

வரவில்லை.

மழைக்கு உப்பிய கதவு சிக்குவது வேறு. இது சுவரைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. பின்கதவும் அப்படியே. செல்போனில் சிக்னல் இல்லை. எதிரிலேயே டவர்.

மின்விசிறி மெதுவாகிக்கொண்டிருந்தது. மூச்சு முட்டியது. திரும்பிப் பார்த்தான். திரையில் விளக்கு மங்கிக்கொண்டிருந்தது.

ஓடி வந்து உட்கார்ந்தான். எண்ணெய் எடுத்தான். படியேறினான். ஊற்றினான். விளக்கு பிரகாசமானது. மின்விசிறி வேகம் பிடித்தது. மூச்சு வந்தது.

கன்ட்ரோலரைக் கீழே வைத்தான்.

விளக்கு மங்கியது. நெஞ்சு இறுகியது.

எடுத்தான்.

அப்போதுதான் புரிந்தது. இடத்தை விட்டு நகரக் கூடாது.

படியேறினான். இறங்கினான். ஏறும்போதெல்லாம் தலைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்டது. தட்... தட்... தட்... மேல் வீடு காலி. பூட்டிக் கிடக்கிறது. அவன் நின்றால் சத்தமும் நின்றது.

ஒருமுறை விளக்கை நிரப்பிவிட்டு ஜன்னலுக்கு ஓடினான். போர்வையைப் பிய்த்தான். வெயில் கண்ணைக் குத்தியது. பத்தடியில் எதிர்வீட்டு வைத்திலிங்கம் நின்றிருந்தார். மைன்ஸில் கன்வேயர் ஆபரேட்டர். பக்கத்தில் சைக்கிளோடு இஸ்திரி வேலுமணி. அருண் கண்ணாடியைக் குத்தினான். கத்தினான். இருவரும் திரும்பவில்லை. அவர்கள் பேசுவது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அருண் சார் சட்ட இருக்குதுங்க. தட்டிக் குடுத்துட்டுப் போவட்டுமா?"

"யோவ், போர்டு தொங்குது, கண்ணு தெரியல? புள்ள ராத்திரி பூரா முழிச்சிக்கினு இருந்திருக்கும்."

"ஒரு நிமிசம்தாங்க."

"நைட் ஷிப்ட் பாத்தவனும் ஒண்ணு, செத்தவனும் ஒண்ணு. எழுப்பப்படாது. எங்கிட்ட குடுத்துட்டுப் போ."

இருவரும் சிரித்தார்கள்.

"அண்ணே..." என்று கத்தினான். "அண்ணே... தட்டுங்க... தட்டுங்க..."

வேலுமணி சைக்கிளை மிதித்தார். வைத்திலிங்கம் உள்ளே போனார்.

மூச்சு அடைத்தது. தவழ்ந்து பாய்க்கு வந்தான்.

எண்ணெய். படி. விளக்கு.

எண்ணெய். படி. விளக்கு.

கட்டைவிரல் மரத்துப்போனது. எத்தனை தடவை ஏறினான் என்று தெரியவில்லை. கண் சொருகியது. ராத்திரியும் தூங்கவில்லை. இனி தூங்கினால்...

இரண்டு மணி. தூரத்தில் சங்கு ஊதியது. முதல் ஷிப்ட் முடிகிற சங்கு.

அந்தச் சங்கு ஊதிய பிறகுதான் ப்ரியா வீட்டுக்கு வருவாள்.

திரையில், கோபுரத்துக்குக் கீழே இருட்டில், ஏதோ அசைந்தது.

பாதையில் ஒரு சின்ன உருவம் வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் நடக்கும். நிற்கும். கொஞ்சம் நடக்கும். ஸ்கூட்டி நிறுத்துகிற இடத்திலிருந்து வாசல்வரை அவள் அப்படித்தான் வருவாள். செருப்புக்குள் கல் மாட்டியிருக்கும். நின்று உதறுவாள்.

அது நின்று, ஒரு காலை உதறியது.

பாயில் பச்சைப் பொட்டு வைத்த கன்ட்ரோலர் கிடந்தது. யாரும் தொடவில்லை. அதன் ஒயர் மெல்ல நகர்ந்தது.

"வேணாம்" என்றான் அருண்.

உருவம் கதவுக்கு வந்தது.

"ப்ரியா, வேணாம்... எடுக்காத... நானே இருக்கேன்..."

அதைப் பிடுங்க எட்டினான்.

டிக். டிக்.

இரண்டு தடவை. அவள் எதையும் ஒரு தடவை மட்டும் அழுத்தியதில்லை.

பொத்தான் உள்ளே போய் வெளியே வந்ததை அவன் கண்ணால் பார்த்தான். அவனுடைய உருவம் தானாகப் படியிறங்கியது. தானாக வெளியே போனது. பின்னால், கோபுரத்தின் கதவு மூடிக்கொண்டது.

வீட்டுக் கதவு திறந்தது. வெயில் உள்ளே விழுந்தது.

அவன் வாசலில் வந்து விழுந்தான். வைத்திலிங்கம் ஓடி வந்து தூக்கினார். தண்ணீர் கொடுத்தார்.

"என்னப்பா இது? தூங்குறேன்னு நெனச்சேன். ஒடம்பு சரியில்லன்னா விருந்தாளிகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"என்ன விருந்தாளி?"

"காலைல உங்க வூட்லேர்ந்து ஒருத்தர் வந்தாரே. செருப்பு கூட இல்லாம. குறிஞ்சிப்பாடி பஸ்ஸு எங்க நிக்கும்னு கேட்டாரு. நான்தான் வழி சொன்னேன். 'ரொம்ப நாளா ரிலீவர் வரலீங்க, இன்னைக்குத்தான் வந்தாரு'ன்னாரு. உங்க டிபார்ட்மென்ட்டோ?"

 மறுநாள் காலையில் அருண் ஜெயகணேஷ் கடைக்குப் போனான். பெட்டியைக் கொடுத்தவர்களின் நம்பரைக் கேட்டான்.

"எதுனா ரிப்பேரா ப்ரோ? தனம்னு ஒரு அக்கா குடுத்தாங்க. அவங்க வூட்டுக்காரரு நெடுமாறன் அத வெளயாடிக்கினு இருக்கறப்பவே உக்காந்த எடத்துல போயிட்டாரு. ரெண்டு வருசம் இருக்கும்."

ஜெயகணேஷே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். ரொம்ப நேரம் அடித்தது. எடுத்த பெண் கிசுகிசுத்தாள்.

"யாரு?"

"அக்கா, மந்தாரக்குப்பம் ஜெயகணேஷ். அந்த கேம் பெட்டி விஷயமா..."

"அத எங்கயாவது தூரமா போட்டுடுங்க. திரும்ப எடுத்துக்கினு வந்துடாதீங்க." குரலை இன்னும் தாழ்த்தினாள். "அவரு வந்துட்டாருங்க. நேத்து. பஸ்ஸ விட்டு எறங்கி நடந்து வந்தாரு. சோறு கேட்டாரு. இப்பவும் சாப்ட்டுக்கினுதான் இருக்காரு... நிறுத்த மாட்டேங்குறாரு. போன் பண்ணாதீங்க."

வைத்துவிட்டாள். ஜெயகணேஷ் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

அருண் வீட்டுக்குத் திரும்பினான். வழியில் நெயில் பாலிஷ் விற்கிற ஒரு ஃபேன்சி கடை. கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றிருந்தான் என்று பிறகு சொன்னார்கள்.

வீட்டில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சின்ன உருவம் கதவுக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நின்று நின்று ஒரு காலை உதறியது.

அருண் வெளியே வந்து எதிர்வீட்டைத் தட்டினான்.

"அண்ணே, ஒரு உதவி."

"சொல்லுப்பா."

"நாளைக்கோ, இன்னைக்கோ... எங்க வீட்டுக் கதவத் தெறந்து யார் வெளிய வந்தாலும், பஸ்ஸுக்கு வழி சொல்லாதீங்க."

"பின்ன?"

"வீடு இதுதான்னு சொல்லுங்க."

வைத்திலிங்கம் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவன் போய்விட்டான். அன்றைக்கு அவனுக்கு வார விடுமுறை. அது அவருக்குத் தெரியும். ஆனாலும் அவன் கதவில் பலகையை மாட்டினான். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பலகை தொங்கியதால் அவர் தட்டவில்லை.

சங்கு ஊதிய பிறகு அந்தக் கதவு திறந்தது.

வைத்திலிங்கம் குனிந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முதலில் அவர் பார்த்தது வாசற்படியில் நின்ற கால்களை. செருப்பு இல்லை.

நகங்களில் பச்சைப் பூச்சு.