கப்பலேறிய ஒயின்

உள்ளறையில் பீங்கான் மூடியை யாரோ தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த ஆனந்தம்மாளின் கை அப்படியே நின்றது. அது ஒயின் ஜாடியின் மூடி. அதைத் திறப்பதற்கு இன்னும் நாள் இருந்தது. தவக்காலம் முடிந்து, ஈஸ்டர் பூசை முடிந்து, அதற்குப் பிறகுதான் அந்த ஜாடியின் வாயைக் கட்டியிருக்கும் துணியை அவிழ்க்க வேண்டும். அதையும் அவள்தான் அவிழ்க்க வேண்டும்.

மரக்காணத்தில் கோயிலை ஒட்டிய தெருவில் அது எழுதாத சட்டம். எந்த வீட்டில் யார் ஒயின் போட்டாலும், போட்டவளே கட்டை அவிழ்த்து, எல்லோரும் பார்க்க முதல் வாய் குடிப்பாள். அதன் பிறகுதான் புருஷனாயிருந்தாலும் சாமியாராயிருந்தாலும் கை நீட்டலாம். அடுத்தவள் ஜாடியை அவள் இல்லாமல் திறப்பது, அடுத்தவள் பெட்டியைத் திறப்பது மாதிரி.

வீட்டில் இருந்தது ஆனந்தம்மாளைத் தவிர ஒரே ஒருத்திதான். அவள் தங்கை சூசைமேரி. சற்று முன்புதான் மெட்ராஸிலிருந்து டாக்ஸியில் வந்து இறங்கியிருந்தாள். கோயில் முனையில் டாக்ஸி காத்துக்கொண்டிருந்தது. ஒரு பை நிறைய ஆப்பிளை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, "நீ வேலையப் பாருக்கா, நான் சேலை மாத்திக்கிறேன்" என்று உள்ளே போனவள் அவள்.

ஆனந்தம்மாள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். கோபம் வரவில்லை. வெட்கங்கெட்ட மனசு, தங்கைக்காக அப்போதும் ஒரு சமாதானத்தைத் தேடிப் பிடித்தது. ஆசையில் திறந்திருப்பாள், பாவம். அவளுக்காகத்தானே போட்ட ஒயின்?

அந்த மனசு இப்படிப் பழகிப்போனது நேற்றோ இன்றோ அல்ல. அம்மா காய்ச்சலில் கண்ணை மூடியபோது சூசைமேரிக்குப் பேச்சே சரியாக வராத வயசு. அப்பன் அதற்கு முன்பே எங்கோ போய்விட்டிருந்தான். பாவாடை சட்டை போட்டுத் திரிந்த ஆனந்தம்மாள், ஒரே ராத்திரியில் தாயாகிவிட்டாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போவாள். பாத்தி வரப்பில் சாக்கை விரித்து அதை உட்கார வைத்துவிட்டு, வெயிலில் உப்பு வாருவாள். உப்புத் தண்ணீரில் வெடித்த அவள் பாதங்கள் ஆறவே இல்லை. ஆனால் சூசைமேரியின் பாதங்கள் பாண்டிச்சேரி கான்வென்ட்டில் வெள்ளைக் காலுறைக்குள் பத்திரமாக இருந்தன. பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "தங்கச்சி படிப்பு முடியட்டும்" என்றாள். கடைசியில் உப்பள மேஸ்திரி சிலுவைமுத்து, "உன் தங்கச்சியையும் சேத்துதான் கட்டிக்கிறேன் வெச்சுக்கோ. அதுக்கும் நானே பீஸ் கட்றேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னபோதுதான் தாலிக்குத் தலை குனிந்தாள்.

சொன்ன சொல்லை அந்த மனிதன் காப்பாற்றினான். சூசைமேரிக்கு மெட்ராஸில் மாப்பிள்ளை அமைந்தது. மரியதாஸ், கப்பல் கம்பெனியில் பர்சர். பயணிகளின் கணக்கு, வசதி எல்லாவற்றையும் பார்க்கிற ஆபீசர். வெள்ளைக்காரன் மாதிரி வெள்ளை உடுப்பு. கல்யாணத்தன்று தெருவே அவனைப் பார்க்கத்தான் வந்தது.

போன கிறிஸ்துமஸுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்திருந்தார்கள். எழுபத்திரண்டாம் வருஷம், மதுவிலக்கைத் தளர்த்தியிருந்த காலம் என்பதால் யாருக்கும் பயமில்லை. ஆனந்தம்மாள் முதல் வாய் குடித்துவிட்டு ஆளுக்கொரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். பன்னீர் திராட்சையும் சர்க்கரையும், கொஞ்சம் இடித்த கோதுமை, நாலைந்து கிராம்பு. மற்ற வீடுகளிலும் அதே சரக்குதான். ஆனால் இந்தக் கைப்பக்குவம் வேறு எங்கும் வராது. மரியதாஸ் ஒரு டம்ளர் குடித்தான், இன்னொன்று கேட்டான், பிறகு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

ஜனவரியில் அவனுடைய கப்பல் அந்தமானுக்குப் போகிறதாம். ஆபீசர்கள் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு உல்லாசமாகப் போய்வரலாம் என்று கம்பெனி இந்த வருஷம் அனுமதித்திருக்கிறதாம். கப்பல் பாரில் ஒயின் வாங்கிக் கட்டுப்படியாகாது. ஆனால் அவரவர் வீட்டு ஒயினைக் கொண்டுவந்து ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொள்ளலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். இதையெல்லாம் அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சூசைமேரி அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"நீயும் வாயேன்க்கா. உன் ஒயினையும் எடுத்துக்க. நாம மூணு பேருமா போலாம்."

ஆனந்தம்மாள் தோளில் கிடந்த தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். உப்பள வரப்பில் நிமிர்ந்து நின்றால் தூரத்தில் கடல். அங்கே புகை விட்டுக்கொண்டு போகிற கப்பல்களைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறாள். அதிலே இருக்கிற யாரோ ஒருத்தி கரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு கையைக்கூட ஆட்டியிருக்கிறாள். அதில் ஏறலாம் என்று இதுவரை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

தெரு முழுக்கச் சேதி பரவியது. பங்குச் சாமியார் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். எதிர் வீட்டு ஆரோக்கியம், "அங்க சங்கு கெடைக்குமாம், எனக்கு ஒண்ணு கொண்டா. மறந்துட்டேன்னு சொல்லிக்கினு வந்தே, தெருவுல விட மாட்டேன்" என்றாள். புது ரவிக்கை தைத்தாள். வெடித்த பாதத்தை மறைக்கிற மாதிரி ஒரு செருப்பும் வாங்கினாள்.

பிறகு ஒயின். வடிகட்டித் தெளிந்ததை ஆறு பாட்டிலில் ஊற்றி, தக்கை அடித்து, மெழுகு உருக்கி வாயை மூடினாள். உடையாமல் கொண்டு போக வேண்டுமே. வேறு ஊர்க்காரியாக இருந்தால் வைக்கோல் வைத்திருப்பாள். மரக்காணத்துக்காரிக்கு உப்புதான் தெரியும். முட்டையானாலும் கண்ணாடியானாலும் உப்புக்குள் புதைத்துவிட்டால் வண்டி எவ்வளவு குலுங்கினாலும் அசையாது. அவளும் ஒரு மரப்பெட்டியில் பாட்டில்களை நிறுத்தி, உப்பை அள்ளிக் கொட்டினாள். வீட்டில் பழைய உப்பு போதவில்லை. பாத்தியிலிருந்து அன்று காலையில் வந்த உப்பைச் சேர்த்துக்கொண்டாள்.

"ஈர உப்பும்மா இது. தண்ணி விடும்" என்றான் சிலுவைமுத்து.

"மெட்ராஸ் போறதுக்குள்ள இன்னா ஆயிடப் போவுது?" என்று பெட்டியைக் கட்டினாள். அந்த ஒரு அவசரம்தான் அவள் செய்த பிழை.

திண்டிவனத்தில் பஸ் மாறி, மெட்ராஸில் இறங்கி, துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டி அழ ஆரம்பித்திருந்தது. பளபளவென்று துடைத்த தரையில், அவள் நடந்து வந்த வழியெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கோடு. சூசைமேரி நாலைந்து ஆபீசர் மனைவிகளோடு நின்றிருந்தாள். அக்கா ஆசையோடு ஓடிப்போய்ப் பெட்டியை இறக்கினாள். உப்புத் தண்ணீர் ஓடிப்போய் கேப்டன் வீட்டம்மாளின் பட்டுச்சேலைக் கரையை நனைத்தது.

அந்த அம்மாள் பதறி விலகி, யார் இவள் என்று கேட்டாள்.

சூசைமேரி அக்காவைப் பார்த்தாள். செருப்பையும் மீறித் தெரிந்த அவள் பாத வெடிப்பைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்தாள்.

"எங்க வீட்ல வேலை செய்யறவங்க. ஊர்லேருந்து ஒயின் கொண்டாந்திருக்காங்க."

மரியதாஸ் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆனந்தம்மாள் வேலைக்காரி மாதிரியே ஒதுங்கி நின்றாள். தங்கையின் மானம் முக்கியம் அல்லவா? பாட்டில்களைப் போர்ட்டர் எடுத்துப் போனான். சூசைமேரி அவளை ஒரு தூணின் மறைவுக்கு இழுத்துப்போய், கண் கலங்கச் சொன்னாள்: உப்பைக் கொட்டித் தரையைப் பாழாக்கியதில் மேலதிகாரிகளுக்குக் கோபம், அக்காவின் பேரை அடித்துவிட்டார்கள், இப்போது ஏற்ற மாட்டார்கள். "நீ மட்டும் அந்த உப்பைப் போடாம இருந்திருந்தா..." என்று முடிக்காமல் விட்டாள்.

கப்பல் ஊதியது. ஆனந்தம்மாள் கரையில் நின்று கையை ஆட்டினாள். மேலே இருந்த கூட்டத்தில் தங்கை எது என்று தெரியவில்லை.

ஊர் திரும்பியவள் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. உடம்பு சரியில்லாமல் திரும்பிவிட்டதாகச் சொன்னாள். வேலைக்காரி என்ற சொல்லைக்கூட மன்னித்துவிட்டாள். அவளால் மன்னிக்க முடியாமல் போனது அந்த உப்பைத்தான். என் கையாலாகாத்தனம் என் தங்கையை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டதே என்று பூசையில் முழந்தாளிட்டு அழுதாள். அந்தக் குற்றத்துக்குப் பரிகாரமாகத்தான், பாண்டிச்சேரிக்குப் போய்த் திராட்சை வாங்கிவந்து, ஈஸ்டருக்கென்று இந்த ஜாடியைப் போட்டாள். முழுவதும் தங்கைக்கு. பாட்டில் அடுக்க வைக்கோல்கூட வாங்கி வைத்துவிட்டாள்.

இப்போது அவள் உள்ளறை வாசலில் வந்து நின்றாள். சூசைமேரி ஜாடிக்கு முன்னால் குந்தியிருந்தாள். துணி அவிழ்ந்து கிடந்தது. கையில் டம்ளர். உதட்டில் ஒயின்.

"போன தடவையவிட நல்லா வந்திருக்குதுக்கா" என்றாள், தன் திருட்டை அக்கா கண்டுகொண்டதைப் பற்றிக் கவலைப்படாமல். "கேப்டன் வீட்டம்மா இதே நெனப்பா இருக்காங்க. ஈஸ்டர் முடிஞ்சதும் கப்பல் மறுபடியும் போவுது. ஒரு டஜன் பாட்டில் வேணும்னு கேட்டிருக்காங்க. அவங்க மனசு வெச்சா அவருக்குப் பெரிய கப்பலுக்கு மாத்தல் கெடைக்கும்."

"எடுத்துக்க மேரி. உனக்குத்தான் போட்டது" என்றாள் அக்கா. "இந்த தடவை வைக்கோல்ல வெச்சுக் கட்றேன். உன்னைத் தலைகுனிய வுட மாட்டேன்."

சூசைமேரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நீயும் வாக்கா இந்த தடவை. அவர்கிட்ட சொல்லியிருக்கேன். மொதல்லியே மூணு பேருக்குன்னு கேட்டு வாங்கிடுவாரு. போன தடவை மாதிரி ரெண்டு பேருக்கு மட்டும்னு..."

பேச்சு பாதியில் நின்றது. நின்றதுதான் காட்டிக்கொடுத்தது.

"ரெண்டு பேருக்கா?" என்றாள் ஆனந்தம்மாள்.

தங்கை டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்ப என் பேரு எழுதவே இல்லையா மேரி? உப்பு கொட்டினதால அடிச்சிட்டாங்கன்னியே?"

"அக்கா, பழசையெல்லாம் இன்னாத்துக்குக் கெளர்றே? அன்னிக்கு இன்னா பண்றதுன்னு தெரியல. ஒயின் வேணும்னு அவர் ஒரே புடியா இருந்தாரு. வான்னு சொல்லாம எப்படி எடுத்தாரச் சொல்றது?"

ஆனந்தம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குள் என்னவோ சத்தமில்லாமல் இடிந்து விழுந்தது. ஒயின் வேண்டியிருந்தது, ஒயினோடு ஒட்டிக்கொண்டு வந்தவள் வேண்டியிருக்கவில்லை. அழைத்த நாளிலேயே அவளுக்கு அந்தக் கப்பலில் இடமில்லை. ரவிக்கை தைத்தது, செருப்பு வாங்கியது, ஆரோக்கியம் சங்கு கேட்டது, எல்லாமே இரண்டு பேருக்குத் தெரிந்த ஒரு கேலிக்கூத்து. அதற்குப் பிறகு மூன்று மாதமாக முழந்தாள் தேய அழுததும்.

ஆனாலும் பாசம் அவ்வளவு சுலபத்தில் சாகிறதா? அது கடைசியாக ஒரு கேள்வி கேட்டது.

"சரி. இந்த தடவை நெசமாவே கூட்டிக்கினு போறேன்றே. அங்க என்னை யாருன்னு சொல்லுவே?"

சூசைமேரி ஒயினைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"இந்த ஒயின் எங்க மாமியார் வீட்ல, பாண்டிச்சேரில போடறதுன்னு சொல்லிட்டேன்க்கா. உன்னையும் அன்னிக்கு வேலை செய்யறவங்கன்னு சொல்லிட்டேன். இப்ப மாத்திச் சொன்னா எனக்குத்தானே அசிங்கம்? நாலு நாள் தானே. உனக்குக் கப்பல்ல போவணும், அவ்ளோதானே?"

ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் போதும். 'அக்கா' என்று சொல்லியிருந்தால் ஜாடியோடு தூக்கிக் கொடுத்திருப்பாள், தான் கரையிலேயே நின்றுகொண்டு.

ஆனந்தம்மாள் குனிந்தாள். தரையில் கிடந்த துணியை எடுத்து உதறி, ஜாடியின் வாயில் போட்டு இறுகக் கட்டினாள். மூடியை வைத்தாள். பிறகு தங்கையின் கைப்பையை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தாள்.

"கெளம்பு மேரி. டாக்ஸிக்காரன் காத்துக்கினு இருப்பான்."

"ஒயின்?"

"என் வீட்டுக்கு வர்றவங்களுக்கு ஊத்துவேன்."

"நான் வரலியா இப்ப?"

"நீ கப்பலுக்காக வந்திருக்கே."

சூசைமேரியின் முகம் சிவந்தது. இருபது வருஷமாக இந்த அக்கா எதையும் மறுத்ததில்லை. அதனால் எப்படிக் கெஞ்சுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபப்படத்தான் தெரிந்தது. உப்பள புத்தி எங்கே போகும் என்றாள். இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசற்படியில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தாள். அக்கா பின்னாலேயே ஓடிவருவாள் என்று நினைத்தாளோ என்னவோ.

கால்கள் ஓடத்தான் துடித்தன. ஆனந்தம்மாள் அந்தக் கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். கண்ணீர் வழிந்து கழுத்துவரை போனது, துடைக்கவில்லை. தங்கை தெருவைக் கடந்து, கோயில் முனையில் டாக்ஸிக்குள் ஏறுகிறவரை பார்த்தாள். வண்டி கிளம்பிப் புழுதி அடங்கியதும், பட்டப்பகலில் ஒருநாளும் சாத்தாத அந்தக் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.