ஓரகத்தி வீட்டு வைக்கோல்

என் ஓரகத்தி வீட்டு வைக்கோல் போர் என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்கிறது. காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான். அடியில் அகலமாகத் தொடங்கி, மேலே அழகாகக் கூம்பி, எந்த மழைக்கும் ஒரு கற்றைகூடச் சரியாமல் நிற்கும். வயிற்றெரிச்சல் பிடித்தவள் என்று யாராவது என்னைச் சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு எரியத்தான் செய்கிறது.

மாரிகுப்பத்தைத் தாண்டி இருக்கிறது எங்கள் இடம். மாமனார் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில், கீழே மரம் முட்டுக் கொடுக்கும் கேங்கில் இருந்தவர். சுரங்கம் மூடியபோது கைக்கு வந்த பணத்தில் மற்றவர்கள் வீட்டுக்கு மாடி எடுத்தார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தார்கள். அவர் நிலம் வாங்கினார். அவர் போனபிறகு நடுவில் ஒரு வரப்பு விழுந்தது. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் என் கணவரின் அண்ணன் குடும்பம். இரண்டு பக்கமும் கேழ்வரகுதான் போடுகிறோம். இங்கே வைக்கோல் என்றால் நெல்லுடையது இல்லை, கேழ்வரகுத் தாள். தானியம் குறைந்தால் நாங்கள் கடையில் அரிசி வாங்கிக்கொள்ளலாம். தாள் குறைந்தால் கோடையில் மாட்டுக்கு வேறு வழி கிடையாது.

மாடு என்னுடையது. என் அம்மா வீட்டிலிருந்து கன்றாக வந்தது. வீடு கணவர் பெயரில் இருக்கிறது, நிலமும் அவர் பெயரில் இருக்கிறது, சம்பளம் அவருடையது. மாடு மட்டும் என்னுடையது. பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வாங்கிவரும் காசுக்கு நான் யாருக்கும் கணக்குச் சொல்வதில்லை. அதைவிட முக்கியம், நான் கொட்டகைக்குள் நுழையும்போதே அது தலையைத் தூக்கிப் பார்க்கும். என்னை அப்படிப் பார்க்க அந்த வீட்டில் பகலில் வேறு ஆளில்லை.

ஏனென்றால் என் கணவர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். இருட்டோடு ரயில் ஏறி, இருட்டியபின் திரும்புவார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவர் முகத்தை நான் வெளிச்சத்தில் பார்ப்பது. ஓரகத்தியின் கணவரும் ஒருகாலத்தில் அதே ரயிலில் போனவர்தான். செக்யூரிட்டி வேலை பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டு வந்து மண்வெட்டியைக் கையில் எடுத்தார். சம்பாதிக்கத் துப்பில்லாத ஆள் என்று ஊரில் சிரித்தார்கள். நானும் நன்றாகச் சிரித்தேன்.

அறுப்பு வந்ததும் என் சிரிப்பு நின்றுவிடும். எனக்கு எல்லாமே கூலி. அறுக்கிற பெண்களுக்குக் கூலி, அதற்கு மேல் அவர்கள் வந்ததும் டீ, பத்து மணிக்கு டிபன், மதியம் சோறு. அறுத்தது வயலில் காயவேண்டும். கட்டிச் சுமக்க ஆள், ரோட்டுக்குக் கொண்டுபோக டிராக்டர். எங்கள் பக்கம் கேழ்வரகைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவோம், போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் அடித்துக் கொடுத்துவிடும். பஸ்காரன் கூலி கேட்கமாட்டான். ஆனால் தாளைப் புரட்டிப் போட ஒருத்தி அங்கேயே நிற்கவேண்டும், வழுக்கி விழப்பார்த்த பைக் ஓட்டுகிறவனிடம் திட்டும் வாங்கவேண்டும். தூற்றி எடுத்தபின் தாளைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவர மறுபடியும் டிராக்டர். கடைசியில் போர் போட ஆள். கீழிருந்து ஒருவர் கற்றையை வீச, மேலே ஒருவர் சுற்றிச் சுற்றி மிதிக்கவேண்டும். மிதிக்கத் தெரிந்த ஆள் கேட்கிற கூலிக்கு, அந்தத் தாளையே விலைக்கு வாங்கிவிடலாம்போல இருக்கும்.

அவளுக்கு அதெல்லாம் சும்மா நடக்கிறது என்று சொல்லமாட்டேன். அவள் முதுகும் ஒடிகிறது. ஆனால் அந்த முதுகுக்குப் பக்கத்தில் இன்னொரு முதுகு குனிந்திருக்கிறது. அவர் அறுக்க அவள் கட்டுவாள், அவர் மேலே ஏற அவள் கீழிருந்து வீசுவாள். நாள் முழுக்கச் சண்டைதான். இங்கே பள்ளம், அங்கே மிதி, கண்ணு எங்க போச்சு என்று அவள் குரல் என் வீடுவரைக்கும் கேட்கும். மதியத்தில் இருவரும் போரின் நிழலில் உட்கார்ந்து ஒரே கேரியரில் சாப்பிடுவார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

போன அறுப்பில் என் கணவருக்கே ரோஷம் வந்தது. கூலியாள் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நாமே போர் போடலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. விடியற்காலையிலேயே கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறினார், நான் வீசினேன். வரப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் பார்க்கிறாளா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டேன். பார்த்தாள். என் குரலையும் கொஞ்சம் உயர்த்தித்தான் பேசினேன்.

போர் இடுப்பளவு வந்ததும் அவர் இறங்கிப்போய் ஒரு பிளாஸ்டிக் பைப்பை எடுத்துவந்து நடுவில் நட்டார். போர் உயர உயர அதை மேலே இழுத்துக்கொண்டே வந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"ஷாஃப்ட்டு. காத்து போவ வழி இல்லாம அடைச்சு வெச்சா உள்ள சூடு ஏறும். எங்கப்பா இன்னா சொல்வாரு, மேல வர்றதுக்கு வழி வுட்டுட்டுதான் கீழ போவணும்னு."

இந்தச் சுரங்க ஊரில் பிறந்தவருக்குத்தான் வைக்கோல் போருக்குள்ளும் சுரங்கக் குழிபோல ஷாஃப்ட் தோண்டத் தோன்றும். வேலை முடிந்ததும் பைப்பை உருவிவிட்டு, ஓட்டையின் மேல் ஓர் உடைந்த பக்கெட்டைக் கவிழ்த்தார். ஓரகத்தி வரப்பில் நின்று, மழை இறங்கிவிடும், வாயை அடைத்து மூடுங்கள் என்று சொன்னாள். அவள் பங்காருபேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். அவள் கணவரும் ஒருமுறை இதே ஷாஃப்ட்டை வைக்கப்பார்த்தாராம், அவள் விளக்குமாற்றை எடுத்திருக்கிறாள். எனக்கும் அவள் சொன்னது சரியென்றுதான் பட்டது. ஆனால் அவர் போர் உச்சியில் உட்கார்ந்து, உடம்பெல்லாம் தூசியோடு, சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜ் கூண்டில் அவர் அப்பா இறங்கிய கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் கிடைத்த முழு நாள் அது. புருஷன் தினமும் கிடைக்கிறவள் அவனோடு சண்டை போடலாம், விளக்குமாற்றையும் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்காரிக்கு அது கட்டுப்படியாகாது. எங்களுக்குத் தெரியும் அக்கா என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவருக்குச் சோறு போடப் போனேன்.

அடுத்த வாரமே புயல் மழை வந்தது. பக்கெட்டைக் காற்று தூக்கிக்கொண்டு போயிருந்தது, பிறகு ஒரு தட்டை வைத்து மூடினேன். வெளியே பார்க்கப் போர் நன்றாகத்தான் இருந்தது. பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில், உருவ உருவத் தாள் ஈரமாக வந்தது. கையை விட்டுத் துழாவினேன். நடுவில் மேலிருந்து கீழ்வரை கறுத்து, பூஞ்சை பிடித்து, அழுகிக் கிடந்தது. மாட்டின்முன் ஒரு கற்றையைப் போட்டேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ராத்திரி அவர் வந்ததும் சொன்னேன். இந்தக் கோடையில் தாள் வாங்கிக் கட்டுப்படியாகாது, மாட்டை விற்றுவிடலாம், பால் பாக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

இரண்டு நாளில் தரகன் ஒருவன் வந்து மாட்டின் பல்லைப் பார்த்தான், மடியைத் தடவிப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்து நின்றேன். அவன் விலையைச் சொல்ல வாயெடுத்தபோது ஓரகத்தி வரப்பைத் தாண்டி வந்தாள். தரகனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாட்டின் கயிற்றை அவிழ்த்தாள்.

"எங்க கொட்டாயில கட்டிக்கிறேன். மழ வர்ற வரிக்கும் எங்க தாளத் தின்னட்டும். பால நீயே வந்து கறந்துக்கோ."

தரகன் போய்விட்டான். நன்றி சொல்லியிருக்கவேண்டும். எனக்கு வந்தது நன்றி இல்லை. கொடுக்கிற அளவுக்கு அவளிடம் இருக்கிறதே என்ற எரிச்சல்தான் வந்தது. இருந்தாலும் மாடு பிழைத்தது, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

கோடை முழுக்க இரண்டு வேளையும் வரப்பைத் தாண்டிப் போய்க் கறந்தேன். தீனி போடுவது அவள், தண்ணீர் காட்டுவது அவள், கழுவிவிடுவது அவள் கணவர். மாடு மினுமினுவென்று ஆகிவிட்டது. நான் கறக்கும்போது அவள் பக்கத்தில் நின்று மாட்டோடும் சண்டை போடுவாள், ஏன் இப்படிச் சிந்தித் தின்கிறாய், உங்கப்பனா தாள் அறுத்துக் கொடுத்தான் என்று. அது காதை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் நான் அதனிடம் அவ்வளவு பேசியதில்லை. பேசாமலே எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

மழை விழுந்து வரப்பில் புல் முளைத்ததும் மாட்டை வீட்டுக்கு ஓட்டிவந்தேன். பசும்புல்லைக் குவித்துப் போட்டேன். கழுத்துக்குப் புது மணி கட்டினேன். மறுநாள் காலை மடியில் தண்ணீர் அடித்துக் கழுவி, விளக்கெண்ணெய் தடவி உட்கார்ந்தேன். காம்பை இழுத்தால் நாலு பீச்சு வந்தது, அவ்வளவுதான். மடி கல்லாகக் கனத்தது. பாலை அடக்கிக்கொண்டு, கழுத்தை வளைத்து, வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. தடவினேன், கெஞ்சினேன், இரண்டு வசவும் விட்டேன். என் கன்று, என் அம்மா வீட்டு மாடு, என்னை யாரென்று கேட்டது.

மாலையிலும் அப்படியே. அடுத்த நாளும் விட்டால் மடி கட்டிக்கொள்ளும், காய்ச்சல் வரும். சொம்பை வைத்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். அவள் வாசலில் புருஷனை ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிடுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அக்கா, கொஞ்சம் வாங்க. வந்து இது பக்கத்துல நில்லுங்க."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. வந்தாள், மாட்டின் கழுத்தில் கையை வைத்தாள், வழக்கம்போலத் திட்ட ஆரம்பித்தாள். மாடு பெருமூச்சு விட்டது. மடி இளகியது. சொம்பில் பால் நுரை கட்டி ஏறியது, கோடையில்கூட அவ்வளவு கறந்ததில்லை. எனக்கு இருந்த ஆத்திரத்தில் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. ஒரு சொட்டுப் பால் சிந்தாமல் கறந்து முடித்தேன்.