ஒரு விரல் இடைவெளி

பள்ளிமுனைக் கடற்கரையில் நாற்பது வருடம் படகுகளுக்குப் பெயரும் இலக்கமும் எழுதியவர் என் அப்பா, அமிர்தநாயகம். எதையும் குறையாக விட அவரால் முடியாது. சாஹுல் ஹமீட்டின் தேத்தண்ணிக் கடைப் பலகையில் ஒரு எழுத்தின் துணைக்கால் மழையில் அழிந்துபோனது. அப்பா யாரையும் கேட்காமல் ஏணி வைத்து ஏறினார்.

“அமிர்தம், கடைக்கு வாறவன் தேத்தண்ணி குடிக்க வாறான். எழுத்தைக் குடிக்கவோ?”

“உன்ர தேத்தண்ணிக்கு எழுத்துப் பரவாயில்லை,” என்றார் அப்பா.

இதெல்லாம் தெரிந்தும், அவர் கண்முன்னே ஒரு இடைவெளியை விட்டுவிட்டுப் போனேன்.

பஸ்ரியன் அப்பாவின் அக்கா மகன். போன வருடம் பஸ்ரியனின் படகில் வலைக் கயிறு பட்டு றேடியோவின் அன்ரனாக் கம்பி முறிந்தது. அன்றைக்கே எஞ்சினும் நின்றது. கூப்பிட வழியில்லாமல் படகிலிருந்த மூன்று பேரும் கடல் எல்லை வரை இழுபட்டார்கள். மறுநாள் வேறொரு படகு கண்டு கட்டி இழுத்து வந்தது. அதுவரை அப்பா கரையை விட்டு அசையவில்லை. பிறகு கொழும்புக்கு எனக்குப் போன் எடுத்தார். “முறியாத அன்ரனா ஒண்டு செய்யேலாதோ?”

செய்யலாம். போன் கோபுரங்களில் அன்ரனா பொருத்துவதுதான் என் தொழில். மின்சாரம் பாயும் வெள்ளிப் பெயின்ற் ஒரு போத்தல் கொண்டுவந்தேன். படகின் ஃபைபர் கபின் சுவரில் செங்குத்தாக, ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு கோடுகள். ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து சென்ரிமீற்றர். நடுவில் ஒரு விரல் இடைவெளி. அதன் இரு கரையிலும் றேடியோ வயர் தொடும். இடைவெளி இல்லாவிட்டால் அது அன்ரனா இல்லை, வெறும் கோடு. மூன்று பூச்சு வேண்டும். இரண்டு நாள் லீவில் இரண்டு பூச்சுத்தான் காய்ந்தது. கூப்பிட்டுப் பார்த்தோம், வேலை செய்தது.

“கழுதை நடந்துகொண்டு மூத்திரம் பெய்த மாதிரி இருக்கு உன்ர கோடு,” என்றார் அப்பா. “நடுவிலை என்னத்துக்கு விட்டனீ?”

“அது அப்பிடித்தானப்பா.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவ்வளவுதான் சொன்னேன்.

கோயில் பெருநாள் முடிந்து ஒரு கிழமையில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு பஸ்ரியன் தயங்கித் தயங்கி வந்தார்.

“மச்சாள், இது கதைக்கிற நேரமில்லை. பெருநாளுக்குப் பிறகு றேடியோவிலை கூப்பிட்டால் ஒருதரும் மறுமொழி சொல்லீனமில்லை. திங்கட்கிழமை கடலுக்குப் போறம்.”

வயரில் உப்புப் பிடித்ததென்று நினைத்து உப்பைத் திட்டினேன். வயரை மாற்றினேன். பிளக்கை மாற்றினேன். றேடியோவைக் கழற்றிப் பூட்டினேன். இரண்டு நாள் வீணாகப் போனது. பெருநாளுக்கு அடித்த வெள்ளை எனாமலுக்குக் கீழே இருந்த கோடுகள் நான் கீறியவை. அவற்றை நான் சந்தேகிக்கவே இல்லை. முதலில் பார்த்திருக்க வேண்டியதை ஞாயிறு பின்னேரம்தான் பார்த்தேன். வயரைக் கழற்றிவிட்டு, அது கோடுகளைத் தொட்ட இரண்டு இடத்திலும் மின்தடை பார்க்கும் மீற்றரை வைத்தேன். பூச்சியம். இரண்டு கோடுகளும் ஒன்றாகியிருந்தன.

“இந்தக் கோட்டிலை ஆர் கை வைச்சது?”

“மாமாதான். பெருநாளுக்குச் சுவாமி படகை மந்திரிச்சு ஆசீர்வதிக்க வாறதுக்கு முதல்நாள். ‘பிள்ளை பாதியிலை விட்டிட்டுப் போட்டுது, முடிச்சு விடுறன்’ எண்டவர். பிறகு கபின் முழுக்க வெள்ளை எனாமல் அடிச்சவர்.”

எனாமலைச் சுரண்டினேன். உள்ளே வெள்ளிக் கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக இருந்தது. என் வளைசல்கள் எதுவும் தெரியவில்லை. போத்தலில் மிஞ்சியதை முழுக்கப் பூசியிருந்தார்.

“நான் சுரண்டட்டோ?”

“வேண்டாம்.”

அப்பா கடைசியாக இழுத்த கோடு அது. பிளேட் முனையை நடுவில் வைத்து ஒரு விரல் அகலம் நானே சுரண்டி எடுத்தேன். வெள்ளித்தூள் நகத்துக்குள் போனது. மீற்றர் பூச்சியத்தை விட்டது. வயரைத் திரும்பப் பூட்டினேன்.

பஸ்ரியன் றேடியோவில் பேசாலை ஊர்ப் படகொன்றைக் கூப்பிட்டார். உடனே மறுமொழி வந்தது, முந்தியதைவிடத் தெளிவாக. நான் போடாத மூன்றாவது பூச்சை அப்பா போட்டிருக்கிறார்.

“எதுக்கெண்டு சொல்லியிருந்தால் மாமா தொட்டிருக்க மாட்டார், என்ன?”

“ஓம்.”

உப்புப் பிடிக்காமல் இடைவெளிக்கு மேல் எனாமல் பூச வேண்டும். அப்பாவின் தூரிகையை எடுத்துவர வீட்டுக்குப் போனேன்.