சவுக்கு மரத்தடியில் ஒரு திறப்பு

எங்கள் வீட்டில் யாராவது கடற்கரை என்ற சொல்லை எடுத்தால் போதும், எல்லாரும் அப்பாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். கடற்கரையை விட்டு ஓடுகிற அவசரத்தில் வாடகை வானின் திறப்பை, அதுதான் சாவியை, தன் பைக்குள்ளேயே ஒளித்துவைத்துக்கொண்டு எல்லாரையும் தேடவைத்த மனிதர் என்று அவருக்குப் பெயர். கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று சொந்தக்காரர் கூடுகிற இடமெல்லாம் இந்தக் கதை ஒரு சுற்று வரும். அப்பா மறுப்பதில்லை. "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்தத் திறப்பை ஒளித்தது நான். அப்போது எனக்குப் பத்து வயது.

அந்த ஆடி மாதம் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பல வருடங்களுக்குப் பிறகு கனடாவிலிருந்து வந்திருந்தார். அங்கே ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. எங்கள் ஊரான நீர்வேலிக்கு வந்து இறங்கிய முதல் நாளே, கோயில் குளம் எல்லாம் பிறகு, காரைநகர்க் கடற்கரையில் ஒரு நாள் முழுக்கச் சும்மா இருக்கவேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றார். அப்பாவுக்கு அது விளங்கவேயில்லை. சும்மா இருக்கிறதென்றால் வீட்டிலேயே இருக்கலாமே என்றார். ஒரு பயிருக்கும் ஊற்ற உதவாத தண்ணீரை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது என்றும் கேட்டார். மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கலியாணம் செய்த நாளிலிருந்து இந்த மனிசன் தன்னை ஒரு இடமும் கூட்டிக்கொண்டு போனதில்லை என்று தொடங்கிவிட்டா. அதற்குப் பயந்துதான் அப்பா சம்மதித்தார்.

சம்மதித்தாரே தவிர, ஒரு நிபந்தனையும் போட்டார். எங்கள் வாழைத் தோட்டத்துக் கிணற்றுக்கு மூன்று பங்குக்காரர். மூன்று நாளைக்கு ஒருமுறைதான் எங்கள் முறை வரும். கடற்கரைக்குப் போகிற வியாழக்கிழமை, பின்னேரம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை எங்களுடையது. ஆறு மணிக்குப் பிறகு யாரும் மோட்டரில் கைவைக்கக்கூடாது. இரவில்தான் கிணறு ஊறவேண்டும். அப்பாவைப் பெற்ற அப்பப்பாவின் காலத்திலேயே போட்ட சட்டம் அது. ஒரு முறையைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை வாழைக்குத் தண்ணீர் கிடையாது. தென்மேற்குச் சோளகக் காற்று மண்ணை வறுத்துக்கொண்டிருந்த நேரம். நல்லூர்த் திருவிழாவுக்கு வெட்டவேண்டிய கதலிக் குலைகள் அப்போதுதான் பருக்கத் தொடங்கியிருந்தன. பன்னிரண்டரைக்குக் கடற்கரையை விட்டு வெளிக்கிட்டுவிடவேண்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொன்னார். மாமா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அடுத்த நாள் காலை கிணற்றில் பெரியப்பாவின் முறை. அவர் அப்பாவின் சொந்த அண்ணன். முந்தைய வருடம் ஒருநாள் பெரியப்பா ஆறு மணிக்குப் பிறகும் மோட்டரை ஓடவிட்டார் என்று அப்பா நேரே போய் அதை நிற்பாட்டிவிட்டு வந்தார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே ஒழுங்கையில் எதிரெதிரே வந்தாலும் ஒருவர் வேலியைப் பார்ப்பார், மற்றவர் வானத்தைப் பார்ப்பார்.

மாமா வாடகைக்கு எடுத்த வானில் காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். வார நாள் என்பதால் கரையில் ஆளே இல்லை. மாமா வானைப் பூட்டினார், திறப்பைக் காலில் இருந்து கழற்றிய சப்பாத்துக்குள் போட்டு மரத்தடியில் வைத்தார், கழுத்தளவு தண்ணீரில் போய் இருந்தார். இருந்தார் என்றால் இருந்தார்தான். நீந்தவில்லை, முழுகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எருமை மாதிரி மணிக்கணக்காக அப்படியே கிடந்தார். அம்மா காலை நனைத்துக்கொண்டு கரையோரமாக நடந்தா. அப்பா மட்டும் சவுக்கு மரத்தடியில் இருந்தார், எழும்பினார், திரும்ப இருந்தார். ஆஸ்பத்திரியில் நம்பர் கூப்பிடக் காத்திருக்கிறவரைப் போலத்தான் இருந்தது அவருடைய முகம்.

நான் ஈரமணலில் வாழைத் தோட்டம் செய்துகொண்டிருந்தேன். கடலுக்கு வந்தும் எனக்கு அதுதான் தெரிந்த விளையாட்டு. பாத்தி கட்டி, சவுக்கங் குச்சிகளை வாழையாக நட்டு, அலைத்தண்ணீர் வர வாய்க்கால் வெட்டினேன். தண்ணீர் பாத்திக்குப் போகாமல் திரும்பித் திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா பொறுக்கமாட்டாமல் இறங்கி வந்தார். "பிள்ளை, வாய்க்கால் இறக்கமா இருக்கோணும். மேட்டுக்கு ஏறச் சொன்னாத் தண்ணி ஏறுமே?" என்று சொல்லிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் குந்தினார்.

அப்பா என்னோடு விளையாடி நான் அதற்கு முன் கண்டதில்லை. விடியமுன் தோட்டத்துக்குப் போவார், இருட்டினபின் வருவார். அன்றைக்கு இரண்டு கையாலும் மணலை அள்ளி வரம்பு கட்டினார். என் பாத்திகளை அழித்துத் திரும்பக் கட்டினார். அலை வந்து வாய்க்காலால் ஓடி எல்லாப் பாத்தியையும் நிரப்பியபோது வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோய்விட்டது. அவருடைய முதுகில் சாய்ந்துகொண்டு, இந்த நாள் முடியக்கூடாது என்று நினைத்தேன். அப்போது அவர் நிமிர்ந்து வெயிலைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. கையைத் தட்டிக்கொண்டு எழும்பி, கடலைப் பார்த்து, "மச்சான், நேரமாச்சு!" என்று கத்தினார். மாமா கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கி இன்னும் அரை மணித்தியாலம் என்று காட்டினார்.

அந்த அரை மணித்தியாலம் எனக்குப் போதாது. மரத்தடிக்குப் போனேன். சப்பாத்துக்குள் கையை விட்டுத் திறப்பை எடுத்தேன். நாலைந்து மரம் தள்ளி ஒரு சவுக்கின் வேரோரமாகத் தோண்டிப் புதைத்தேன். கொஞ்ச நேரம் தேடுவார்கள், பிறகு நானே கண்டுபிடித்துக் கொடுத்துக் கெட்டிக்காரி என்று பெயரெடுப்பேன் என்பது திட்டம். அடையாளத்துக்கு மேலே மூன்று சவுக்கங்காய்களை வைத்தேன். சவுக்கு மரத்தடியில் சவுக்கங்காயை அடையாளம் வைத்த அறிவாளி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். திரும்பிப் போனபோது மரத்தடி முழுக்க மூன்று மூன்றாகக் காய்கள் கிடந்தன. காற்று சருகை அள்ளி எல்லா இடமும் ஒரே மாதிரிப் பரப்பியிருந்தது. எந்த மரம் என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

ஒரு மணிக்கு மாமா கரையேறினார். சப்பாத்தை உதறினார். துவாயை உதறினார். அம்மாவின் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். சாப்பாட்டுப் பெட்டிகளையும் திறந்து பார்த்தார்கள். ஒன்றரை ஆனது. வாடகைக்கு வான் தந்தவருக்கு மாமா போன் எடுத்தார். இன்னொரு திறப்பு இருக்கிறது, பெடியனிடம் கொடுத்தனுப்புகிறேன், அரை மணித்தியாலத்தில் வந்துவிடுவான் என்றார் அந்த மனிதர். இரண்டரைக்கு எடுத்தபோதும் அரை மணித்தியாலம் என்றார். மூன்று மணிக்கும் அதேதான். அப்பா பஸ்ஸில் போகிறேன் என்று றோட்டுவரை நடந்தார். யாழ்ப்பாணம் போய் அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போக ஆறு மணி தாண்டும் என்று அம்மா கூப்பிட்டா. திரும்பி வந்தார். வந்து, வானைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"இஞ்சருங்கோ, உங்கடை அண்ணைக்கு ஒரு கோல் எடுங்கோவன். இண்டைக்கு மட்டும் மோட்டரைப் போட்டு எங்கடை வாழைக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கோ" என்றா அம்மா.

"உவரிட்டைக் கையேந்துறதிலும் பார்க்க வாழை பட்டுப்போறது நல்லது."

சொல்லிவிடுவோம் என்று நான் அப்பாவுக்குக் கிட்டப் போனேன். அவருடைய தாடை இறுகியிருந்ததைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன். நேரம் போகப் போகச் சொல்வது இன்னும் கஷ்டமானது. ஒரு மணிக்குச் சொல்லியிருந்தால் ஒரு குட்டோடு போயிருக்கும். மூன்றரைக்கு ஒரு குட்டோடு நிற்காது. மரத்துக்கு மரம் போய்ச் சருகைக் கிளறினேன். நகக்கண்ணில் மண் ஏறி வலித்தது. கடைசியில் ஊர்ப் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். திறப்பைக் கண்ணில் காட்டு, ஆர் ஒளித்ததென்று மட்டும் ஒருவருக்கும் காட்டாதே, உனக்கு ஒரு தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்தேன்.

நிமிர்ந்தபோது அப்பா பின்னால் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. என் கையைப் பார்த்தார், கிளறிக் கிடந்த நிலத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, முகமெல்லாம் வெயில். போய் அம்மாவிட்டைத் தண்ணி வாங்கிக் குடி."

நான் ஓடிப்போனேன். தண்ணீர் குடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது அவர் அந்த மரங்களுக்குள் குந்தி இருந்தார். களைத்துப்போய் இருக்கிறார் என்று நினைத்தேன். கன நேரம் அப்படியே இருந்தார். நாலரை மணிபோல எழும்பி வந்து, சட்டைப் பையில் கையை விட்டு, வானின் திறப்பை வெளியே எடுத்தார்.

"என்ரை பொக்கற்றுக்கை கிடந்திருக்கு மச்சான். வெளிக்கிடுற அவசரத்திலை நான்தான் எடுத்து வைச்சிருக்கிறன் போல."

பிள்ளையார் கேட்டுவிட்டார் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. மண்ணுக்குள் கிடந்த திறப்பை எடுத்து அப்பாவின் பைக்குள் போட அவரை விட்டால் யாரால் முடியும்? திறப்பின் வளையத்தில் ஒரு சவுக்கம் சருகு செருகிக்கொண்டு நின்றதைக் கண்டேன். கண்டும் ஒன்றும் யோசிக்கவில்லை.

அம்மா கொதித்துப்போனா. வந்த சந்தோசத்தையெல்லாம் பாழாக்கிவிட்டீர்கள் என்று கரையில் நின்றே அழுதா. மாமா கத்தவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "கடல் பிடிக்கேல்லையெண்டாச் சொல்லியிருக்கலாம் அத்தான்" என்று மட்டும் சொன்னார். வழி முழுக்க அப்பா வானில் இருந்த சின்ன மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். மானிப்பாயில் ஐந்தரை. கோப்பாயில் ஐந்தே முக்கால் தாண்டியது. கோப்பாய்ச் சந்தியில் ஒரு லொறி குறுக்கே நின்று, நகரமாட்டேன் என்றது. தோட்டத்தடியில் வான் நின்றபோது ஆறு மணி பத்து நிமிடம்.

கிணறு நிறைந்து கிடந்தது. மோட்டர் அறைக்குப் பங்குக்காரர் ஆளுக்கொரு திறப்பு; அப்பாவுடையது அவர் இடுப்பிலேயே இருந்தது. ஒழுங்கையில் ஒரு சனமில்லை.

"ஆர் பாக்கப்போகினம்? அரை மணித்தியாலம் போடுங்கோ" என்றா அம்மா, மெதுவாக.

அப்பா கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றார். வாழை இலைகள் வாடி நடுவால் மடிந்து கிடந்தன. பிறகு திரும்பி நடந்தார். மோட்டர் அறைப் பக்கம் போகவில்லை. பெரியப்பா வீட்டுப் படலையடிக்குப் போய், மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துக் கீழே விட்டு, "அண்ணை" என்று கூப்பிட்டார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். பெரியப்பா வந்தார், படலையைத் திறக்கவில்லை.

"நாளைக்கு விடிய ஒரு மணித்தியாலம் எனக்கு விட்டுத் தாங்கோ அண்ணை. முறை தவறிப்போச்சு" என்றார் அப்பா.

"கடற்கரையிலை உல்லாசம் அடிச்சவைக்கு என்னத்துக்குத் தண்ணி? அங்கை கிடந்த தண்ணி போதாதோ?" பெரியப்பா ஒழுங்கை முழுக்கக் கேட்கத்தான் கத்தினார். இரண்டு வீட்டில் வெளிச்சம் போட்டு எட்டிப் பார்த்தார்கள். "அண்டைக்கு மோட்டரை நிப்பாட்டேக்கை நான் அண்ணையெண்டு தெரியேல்லையோ?"

"பிழை என்ரைதான் அண்ணை."

"கேக்கேல்லை."

"பிழை என்ரைதான்" என்று அப்பா இன்னும் உரத்துச் சொன்னார். அவரை நிற்கவைத்துவிட்டுப் பெரியப்பா உள்ளே போனார். கன நேரம் கழித்து உள்ளேயிருந்தே, "ஒரு மணித்தியாலம். அதுக்கு மேலை ஒரு நிமிசம் இல்லை" என்ற சத்தம் மட்டும் வந்தது. அப்பா வெறும் படலைக்குத் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

நான் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். ஒரு வருடமாகக் கதையாதவர்கள் கதைத்துவிட்டார்கள். எல்லாம் என்னால்தான் என்று எனக்கு ஒரே பெருமை. அன்றிரவு பெருமையோடுதான் நித்திரை கொண்டேன்.

விடிய, பெரியப்பாவின் தண்ணீர் எங்கள் வாய்க்காலில் ஓடியது. ஒரு மணித்தியாலம் முடிந்ததும் அப்பாவே மோட்டரை நிற்பாட்டினார். பாதி வாழைக்குத்தான் எட்டியது. மறுபாதியின் குலைகள் அந்த வருடம் திருவிழாவுக்குப் போகவில்லை. மாமா ஊரில் நின்ற மிச்ச நாளெல்லாம் தனியாகவே கடலுக்குப் போய் வந்தார். அப்பாவை ஒருநாளும் கூப்பிடவில்லை.

கடலுக்குப் போன மறுநாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், நான் அப்பாவிடம் ஒரு தேங்காய் கேட்டேன். என்னத்துக்கு என்றார். சும்மா, பிள்ளையாருக்கு என்றேன். குவியலில் தட்டித் தட்டிப் பார்த்து நல்ல முற்றின காயாக ஒன்றை எடுத்து உரித்துக் கையைக் கழுவினார். அவருடைய நகக்கண்களில் இன்னும் வெள்ளை மணல் இருந்தது. எங்கள் தோட்டத்து மண் சிவப்பு.

சைக்கிளில் என்னைக் கோயிலுக்கு ஏற்றிப்போனார். தோட்டத்துச் சேறு பட்ட சாரம் என்று சொல்லி வாசலிலேயே நின்றுவிட்டார். நான் உள்ளே போய்த் தேங்காயை ஓங்கி உடைத்தேன். என்னைக் காப்பாற்றியதற்குப் பிள்ளையாருக்கு மூன்று தரம் நன்றி சொன்னேன். வெளியே அப்பா என் செருப்பைக் காலால் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு, வெயிலைப் பார்த்தபடி எனக்காக நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.